கழுதைக் குல்லாவில் மாட்டு மணி

மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தது. ஒருத்தர் ரெண்டு பேர் சிரிப்பில்லை, ஒரு கல்யாண வீடே சேர்ந்து சிரிக்கிற மாதிரி. எனக்கு அந்தப் படியிலேயே பத்திக்கிட்டு வந்தது.

"சிரிக்கிறானுகக்கா," என்றேன்.

"எனக்கும் காது இருக்கு, பாண்டி," என்றாள் கஸ்தூரியக்கா. "வாயை மூடிக்கிட்டு வா. இன்னைக்கு நாம விருந்தாளி."

விருந்தாளியாம்! காலையில்தான் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்து உடைமரத்துப்பட்டி வரைக்கும் போய்விட்டு வந்திருந்தோம். அங்கே ஊருணி வெடித்துக் கிடக்கிறது. நடுவில் குழி தோண்டி, ஒரு பொம்பளை உள்ளே இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் கலங்கல் தண்ணியை மோந்து மோந்து குடத்தில் விடுகிறாள். குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "நீ மதுரைக்குப் போய்ச் சேந்துருவ" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஊர்க் குடிதண்ணிக் கிணற்றில் மாட்டுவதற்காகத்தான் அருப்புக்கோட்டை நண்பர்கள் சேவை கிளப் ஒரு ஆயில் இஞ்சின் வாங்கியது. மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். கிளப்புக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் கொட்டகை காலி.

பழி காவல்காரர் இருளப்பசாமி தலையில் விழுந்தது. கொட்டகைச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. போதாததற்குக் கிளப் செயலாளர், நூல்கடை சௌடப்பன், போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். "பாயாசம் பரிமாறுகிற நேரம் பின்பக்க ஜன்னலுக்குக் கை கழுவப் போனேன், இருளப்பசாமியும் முகம் தெரியாத ரெண்டு ஆளும் இஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்தேன், உடைமரத்துப்பட்டிக்குத்தான் கொண்டு போகிறான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்." இதுதான் வாக்குமூலம். நாளைக் காலையில் கோர்ட்டில் கூண்டேறி இதையே சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் இருளப்பசாமி உள்ளே போனவர் உள்ளேதான். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு மத்தியானம்.

எங்கள் துப்பறியும் ஆபீசைத் தேடி மதுரைக்கு வந்தவள் இருளப்பசாமியின் சம்சாரம் வெள்ளைத்தாய். கொடுமை என்னவென்றால், இந்தக் கிளப்புக்கு வாராவாரம் சமைக்கிறவளும் அவள்தான். புருசனைச் சப்-ஜெயிலுக்கு அனுப்பிவைத்த ஆட்களுக்கு இவள் ரசம் கூட்ட வேண்டும். "ஏம்மா, இந்த வேலையை விட்டுத் தொலைய வேண்டியதுதானே?" என்று நான் கேட்டதற்கு, "விட்டா, திருடுன காசு இருக்குன்னு சொல்லுவாகய்யா" என்றாள்.

கிளப்பில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் மனசு உறுத்தியிருக்கிறது. டாக்டர் அப்பய்யா. அவர்தான் 'துப்பறிவது எப்படி' என்று ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு என்று சொல்லி அக்காவை அழைத்திருந்தார். வெள்ளைத்தாய்க்காக வந்திருக்கிறோம் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

ஹாலில் வரிசையாக மேஜை போட்டு இலை விரித்திருந்தது. ஜிப்பா, சென்ட், தங்கப் பட்டன். நடு மேஜையில் தலைவர் இன்பராஜ். பருத்தி கமிஷன் மண்டி வைத்திருக்கிறவர். நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல தொப்பை. அக்காவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"இன்னைக்கு லேடீஸ் டே இல்லையேன்னு யாரும் பயப்பட வேண்டாம்," என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "இவுக துப்பறியிறவுக. நம்ம வீட்டம்மா எல்லாரும் வீட்லயே துப்பறியிறாக, இவுக ஆபீஸ் போட்டுத் துப்பறியிறாக. அம்புட்டுதான் வித்தியாசம்."

மறுபடி சிரிப்பு. ஒருத்தர் மேஜையைத் தட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்பராஜ் மேஜை மேல் இருந்த பித்தளை மணியை டாங் என்று அடித்தார். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"விருந்தாளிகளுக்காக நம்ம சட்டத்தைச் சொல்லிர்றேன்," என்றார். "ஆரம்ப மணியில இருந்து கடைசி மணி வரைக்கும் இந்த ஹால்ல யாரும் பெரியவன் இல்ல, யாரும் சின்னவன் இல்ல. அண்ணாச்சி, முதலாளி, ஐயா, சார், அம்மா எதுவும் கூடாது. பேர் மட்டும்தான். நான் இன்பராஜ். இவுக கஸ்தூரி. அவ்வளவுதான்."

"நல்ல சட்டமா இருக்கே, அண்ணாச்சி," என்றேன் நான்.

ஹாலே இடிந்து விழுகிற மாதிரி கத்தினார்கள். "குல்லா! குல்லா!"

யாரோ ஓடிப்போய் அலமாரியில் இருந்து ஒரு அட்டைக் குல்லாவை எடுத்து வந்தார்கள். ரெண்டு பக்கமும் கழுதைக் காது, உச்சியில் ஒரு மாட்டு மணி. என் தலையில் கவிழ்த்தார்கள். ஹாலுக்கு நடுவே ஒரு முக்காலி. அதில் என்னை உட்கார வைத்து, இலையையும் அங்கேயே போட்டார்கள். கழுத்தைத் திருப்பினால் மணி அடித்தது. ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் கை தட்டினார்கள்.

"எவ்வளவு நேரம் இது?" என்றேன்.

"இன்னொருத்தன் வாய் தவறி அண்ணாச்சின்னு சொல்ற வரைக்கும்," என்றார் இன்பராஜ். "அதுவரைக்கும் முக்காலியை விட்டு எந்திரிக்கப்படாது. கடைசி மணி அடிக்கிறப்ப குல்லா யார் தலையில இருக்கோ, அவுக வீட்ல இருந்துதான் அடுத்த வாரம் எல்லாருக்கும் பலகாரம்."

"என் வீட்ல பலகாரம்னா பழைய சோறுதான்."

"மணி எப்படி? கணீர்னு இருக்கா?" என்றார் பெருமையாக. "என் தோட்டத்துல தண்ணி இறைக்கிற கமலை மாட்டுக் கழுத்துல கிடந்தது. கிணத்துத் தண்ணி அடியாழத்துக்குப் போயிருச்சு, கமலைக் கயிறு எட்டல. தைப் பொங்கல் முடிஞ்சதும் மாட்டை வித்துட்டேன். மணியை மட்டும் கிளப்புக்குக் குடுத்துட்டேன்."

"மாட்டை வித்துட்டு மணியை வச்சுக்கிட்டீகளா? அப்ப இதுல கட்டுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

அதற்கும் சிரித்தார்கள். இவர்களுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வருகிறது. அடுப்படி வாசலில் வெள்ளைத்தாய் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு நின்றாள். பரிமாறுகிறவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அவள் ஹாலுக்குள் காலை வைக்கக் கூடாது போலிருக்கிறது. அது இன்னொரு சட்டம், அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சாப்பாடு என்னவோ அருமை. பொய் சொல்லக் கூடாது. அரைக்கீரை மசியல், பிஞ்சுக் கத்தரிக்காய்க் கூட்டு, வெள்ளரிப் பிஞ்சுப் பச்சடி. காலையில் பார்த்த கரிசல் காட்டில் பச்சை என்று ஒரு பொட்டு இல்லை. வேலி மரம்கூடக் கருகிக் கிடந்தது. இங்கே இலை பூராவும் பச்சை.

"எல்லாம் நம்ம தோட்டம்," என்றார் இன்பராஜ். "கிளப்புக்குக் காய்கறி என் உபயம். கூச்சப்படாமச் சாப்பிடுங்க, கஸ்தூரி."

அக்காவை அந்த ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா மட்டும் மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உடைமரத்துப்பட்டி இஞ்சினை நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன், இன்பராஜ்," என்றாள்.

"வாங்குனேனா? வாங்க முடியுமா? இந்தப் பஞ்சத்துல இஞ்சினுக்குப் பதிஞ்சு வச்சா எப்ப வரும்னே தெரியாது. நானே என் தோட்டத்துக்குப் பதிஞ்சு வச்சு வருசமாச்சு, இன்னும் காத்துக்கிட்டுத்தான் கிடக்கேன். குடிதண்ணி, சேவைன்னு எழுதிப் போட்டேன், கிளப்புக்கு உடனே வந்துருச்சு. அதைப் போய் ஒரு நன்றி கெட்ட பய தூக்கிட்டுப் போயிட்டான்."

அடுப்படியில் ஏதோ கரண்டி கீழே விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன், மணி அடித்தது, கை தட்டினார்கள்.

பாயாசம் வந்தது. இன்பராஜ் கை காட்ட, அக்கா எழுந்து நின்றாள்.

"பேச்சு வேண்டாம், ஒரு விளையாட்டு விளையாடுவோம்," என்றாள். "துப்பறியிறதுன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஞாபகசக்திதான். உங்க ஞாபகசக்தி எப்படின்னு பார்ப்போம். போன வாரம் என்ன பலகாரம்?"

"அதிரசம்! அப்பய்யா வீட்டு அதிரசம்!" என்றார்கள். "கல்லு மாதிரி இருந்துச்சு!" என்றது ஒரு குரல். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுக்கு முந்தின வாரம்?"

"சீரணி மிட்டாய்!"

"சாப்பாட்டு விசயத்துல பலே ஆளுகதான். சரி, பங்குனிக்குப் போவோம். இஞ்சின் காணாமப் போச்சே, அதுக்கு அடுத்த வாரம்?"

"ஒப்பட்டு!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக் கொட்டினார். "சௌடப்பன் வீட்டு ஒப்பட்டு! நெய் கையில வழிஞ்சுச்சு! அடுத்த வாரமும் இவன் தலையிலயே குல்லா விழணும்னு வேண்டிக்கிட்டேன்!"

நூல்கடை சௌடப்பன் வெட்கத்தோடு சிரித்தார். ஒல்லியான மனிதர், நெற்றி நிறையக் குங்குமம். பார்த்தால் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டார் என்றுதான் சொல்லத் தோன்றும்.

"அப்ப இஞ்சின் போன அன்னைக்கு, கடைசி மணி அடிக்கிறப்ப குல்லா சௌடப்பன் தலையில இருந்திருக்கு," என்றாள் அக்கா.

"இருந்துச்சே!"

"எப்ப மாட்டுனது?"

"இலை போடுறதுக்கு முன்னாடியே!" பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே விட்டார். "அன்னைக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் விருந்தாளி. இவன் வாசல்லயே 'வாங்கய்யா'ன்னுட்டான். மாட்டிவிட்டோம்."

"நடுவுல வேற யாரும் வாங்கிக்கலையா?"

"ஒருத்தனும் வாய் தவறலையே! அன்னைக்குப் பூராவும் இவன்தான் கழுதை. முக்காலியிலயே சாப்பிட்டான், முக்காலியிலயே பாயாசம் குடிச்சான்."

"நடுவுல ஒரு தரம் எந்திரிச்சுப் பின்னாடி ஜன்னல் பக்கம் போனாராமே?"

"போக விட்ருவமா? அசைஞ்சாலே மணி அடிச்சிருமே! ஒரு தரம் எந்திரிக்கப் பார்த்தான், ஓன்னு கத்தி உக்கார வச்சோம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடி அப்படியே நின்றது. டாக்டர் அப்பய்யா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குத்தான் முதலில் உறைத்தது.

அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, சௌடப்பனின் வாக்குமூலத்தைப் படித்தாள். பாயாச நேரம். பின்பக்க ஜன்னல். மாட்டு வண்டி. கண்ணால் பார்த்தேன். நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, காகிதத்தை அவருடைய இலை ஓரத்தில் வைத்தாள்.

"சௌடப்பன், முக்காலி இங்க இருக்கு. ஜன்னல் அங்க இருக்கு. எந்தக் கண்ணால பார்த்தீக?"

சௌடப்பனுக்கு வேர்த்துவிட்டது. "அது... வந்து... குல்லா அப்பறம்தான்..."

"உங்க குலசாமி சௌடம்மன் மேல ஆணையா சொல்லுங்க. பார்த்தீகளா?"

மனிதர் கை தானாக நெற்றிக் குங்குமத்துக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. "தாயே," என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அன்றைக்குப் பார்த்தேன்.

"இத்தனை பேரும் அவரு முக்காலியில உக்காந்திருந்ததைப் பார்த்தீக!" என்று கத்தினாள். "கை தட்டுனீக! ஓன்னு கத்துனீக! ஒப்பட்டு ருசி இன்னைக்கு வரைக்கும் நாக்குல இருக்கு. அந்த வாக்குமூலமும் ஊருக்கே தெரியும். இது ரெண்டையும் சேர்த்துப் பார்க்க உங்கள்ல ஒருத்தருக்காவது தோணுச்சா? தோணாது. ஏன்னா உள்ள இருக்கிறவன் காவல்காரன். அவன் போனா உங்களுக்கு என்ன? நாளைக்கு அவனைத் தூக்கி உள்ள போட்டிருப்பாக, நீங்க அடுத்த வியாழக்கிழமை இங்க வந்து அவன் பொண்டாட்டி கையால சாப்பிட்டுட்டு, காது வச்ச குல்லா மாட்டிச் சிரிச்சிருப்பீக! சீ!"

ஜிப்பாக்காரர்கள் எல்லாம் இலையைப் பார்த்தார்கள்.

இன்பராஜ்தான் முதலில் எழுந்தார். முகம் சிவந்துபோய், சௌடப்பனை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏலே, அப்ப நீதானா திருடன்! கிளப்புக்குள்ள இருந்துக்கிட்டே குழி பறிச்சிருக்க! நானும் நம்பிட்டேனே! யாராவது போலீசுக்குப் போன் போடுங்கப்பா!"

"அண்ணாச்சி!" சௌடப்பன் அழுகிற குரலில் எழுந்தார். "நீங்கதான அண்ணாச்சி சொல்லச் சொன்னீக! 'எப்படியும் அவன்தான் எடுத்திருப்பான், பார்த்த சாட்சி இல்லாட்டி கேஸ் நிக்காது, கிளப் பேரு கெட்டுப்போகும், பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு'ன்னு நீங்கதான சொன்னீக! நானும் அவன்தான் எடுத்திருப்பான்னு நினைச்சு..."

"குல்லா!" என்றது கடைசி மேஜையில் ஒரு குரல். பழக்க தோசம். திரும்பிப் பார்த்தேன், என் கண்ணைப் பார்த்ததும் அந்த ஆள் டம்ளருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சட்டப்படி குல்லா இப்போது சௌடப்பனுக்குப் போக வேண்டும். கழற்றலாம் என்று கையைத் தூக்கினேன்.

"இருக்கட்டும், பாண்டி," என்றாள் அக்கா. "அந்த மணி எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்."

எனக்குப் புரியவில்லை. அக்கா தன் இலைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த கீரையில் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கீரை இளசா இருக்கு," என்றாள். "எப்ப இருந்து கிளப்ல கீரை போடுறாக?"

டாக்டர் அப்பய்யா யோசித்தார். "மாசி, பங்குனியெல்லாம் வத்தக்குழம்பும் அப்பளமும்தான். தோட்டம் காஞ்சுபோச்சுன்னு இன்பராஜ் சொன்னாரு. இந்தப் பச்சையெல்லாம்... சித்திரை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான்."

"மழை பெஞ்சுச்சா?"

"எங்க பெஞ்சுச்சு! ஒரு தூத்தல்கூட இல்ல."

"அப்ப தண்ணி எங்க இருந்து வந்துச்சு, இன்பராஜ்?"

"கிணத்துல இருந்துதான்," என்றார் இன்பராஜ். "என்ன கேள்வி இது? கமலை இறைச்சுத்தான்."

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். "பாண்டி, தலையை ஆட்டு."

அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கழுத்து சுளுக்கிக்கொண்டாலும் பரவாயில்லை என்று ஆட்டினேன். கணகணவென்று அடித்தது. இந்தத் தரம் யாரும் கை தட்டவில்லை.

"கமலை மாடு இந்தா இருக்கு," என்றேன். "வேற மாடு இருந்தாக் காட்டுங்க."

"தைப் பொங்கல் முடிஞ்சதுமே மாட்டை வித்தாச்சு, கமலைக் கயிறு தண்ணிக்கு எட்டல. இதை நீங்கதான் கொஞ்சம் முன்னாடி சொன்னீக," என்றாள் அக்கா. "இஞ்சினுக்குப் பதிஞ்சு வச்சிருக்கீக, அதுவும் வரல. அதையும் நீங்கதான் சொன்னீக. மாடும் இல்ல, இஞ்சினும் இல்ல, மழையும் இல்ல. பங்குனியில இஞ்சின் காணாமப் போகுது, சித்திரையில உங்க தோட்டத்துல கீரை முளைக்குது. சாப்பாட்டு நேரத்துல திருட்டுப் போச்சுன்னு சொன்னது சௌடப்பன் ஒருத்தர்தான். அது பொய்யின்னு ஆனப்பறம், முந்தின நாளே போயிருக்கலாம், எப்ப வேணாலும் போயிருக்கலாம். கொட்டகைக்கு இன்னொரு சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான். அதுக்காக? சாவி வச்சிருக்கிறவனெல்லாம் திருடனா?"

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இதைத்தானய்யா நாங்களும் அப்ப இருந்து கேக்குறோம்!" என்றேன். ஒரு தரம் 'ஐயா' வந்துவிட்டது. குல்லா ஏற்கனவே என் தலையில்தான் இருந்தது.

டாக்டர் அப்பய்யா கை கழுவாமலே எழுந்தார். இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. "இதைச் சாப்பிட்டிருக்கேனே," என்று சொல்லிக்கொண்டு மேஜையில் இருந்த கார் சாவியை எடுத்தார். "இன்பராஜ், தோட்டம் ஊருக்கு வெளியிலதான இருக்கு? வாங்க, எல்லாருமே போய்ப் பார்ப்போம். இஞ்சின் இல்லாட்டி உங்க கால்ல விழுறேன்."

இன்பராஜ் நகரவில்லை. ஒரு கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப என்ன அவசரம்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "பேசித் தீர்த்துக்கலாம். நான் என்ன வித்தா தின்னுட்டேன்? பத்திரமாத்தான் இருக்கு. ஒரு மழை விழுந்ததும் கொண்டாந்து வச்சிருவேன். மிளகாய்ச் செடி பூராவும் கண்ணு முன்னாடி சாகுது, பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? அந்த ஊர்க்காரனுக்குப் புதுசா என்ன? காலங்காலமா ஊருணியைத் தோண்டித்தான குடிக்கிறான்."

சிரட்டையோடு குழிக்குள் நின்ற அந்தப் பொம்பளை என் கண்ணுக்குள் வந்தாள். முக்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன். அடித்திருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"நீ இல்ல," என்றாள்.

அடுப்படி வாசலில் வெள்ளைத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசலைத் தாண்டி ஹாலுக்குள் வந்தாள். பரிமாறுகிறவன் ஒருத்தன் மறிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். நேராக நடு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கடைசி மணி இன்னும் அடிக்கலைல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா. அடிக்கல."

"அப்பச் சரி." அவள் திரும்பினாள். "இன்பராஜு!"

அந்த ஹாலில் அன்றைக்கு எத்தனையோ தரம் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தரம்தான் அந்த ஆளுக்கு அடி விழுந்தது. தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. கண் ஒருத்தர் ஒருத்தராகத் தேடியது, இவளைப் பிடித்து வெளியே தள்ள யாராவது வருவார்களா என்று. யாரும் வரவில்லை.

"என் புருசன் உன் கொட்டகைக்கு வெயில்ல காவல் இருந்தான்," என்றாள் வெள்ளைத்தாய். "திருட்டுப் பயன்னு அவனை போலீசு வண்டியில ஏத்துறப்ப நீ வாசல்ல நின்னு பார்த்த. எடுத்தவன் நீ. உனக்குத் தெரியும் அவன் எடுக்கலன்னு. தெரிஞ்சுக்கிட்டே, நீ அனுப்புன கீரையை என் கையாலயே ஆய வச்ச, என் கையாலயே கடைய வச்ச. எம்புட்டு நெஞ்சழுத்தம்டா உனக்கு? நட, இன்பராஜு. ஸ்டேசனுக்குப் போவோம்."

இன்பராஜ் ரெண்டு கையையும் கூப்பினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"வெள்ளைத்தாயம்மா... கொஞ்சம் பொறுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பாக. அவுகளை நாளைக்கே வெளிய எடுத்துர்றேம்மா. குடும்ப மானம் போயிரும்மா..."

ஒரு பேச்சில் எத்தனை அம்மா! இருளப்பசாமி 'அவுக' ஆகிவிட்டார். இவ்வளவு நாளும் அந்த ஆள் வாயில் 'அவன்', 'பய' தவிர வந்திருக்காது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையை அசைத்தாள்.

குல்லாவைக் கழற்றினேன். வேர்வையில் காது ரெண்டும் கொஞ்சம் தொங்கிப் போயிருந்தது. நிமிர்த்திவிட்டு, இன்பராஜின் தலையில் வைத்து நன்றாக அமுக்கினேன். "சட்டம்னா சட்டம்தான்," என்றேன். அவர் கழற்றக் கையைத் தூக்கினார்.

"கழட்டாத," என்றாள் வெள்ளைத்தாய்.

கை அப்படியே கீழே இறங்கியது.

சௌடப்பன், கேட்காமலே, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "பார்க்கலன்னு இப்பவே எழுதிக் குடுத்துர்றேன்," என்றார், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். டாக்டர் காரைக் கிளப்ப முன்னால் இறங்கிப் போனார். மீதிப் பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். மோர் ஊற்ற வந்தவன் வாளியோடு திரும்பிப் போனான். நான் போகிற போக்கில் அந்தப் பித்தளை மணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஸ்டேசன் போய்ச் சேருகிற வரைக்கும் இந்தக் கூட்டம் முடிந்துவிடக் கூடாது.

முன்னால் இன்பராஜ், பின்னால் வெள்ளைத்தாய், அதற்குப் பின்னால் நாங்கள். படி இறங்க இறங்க, ஒவ்வொரு படிக்கும் குல்லா மணி அடித்தது. கீழே டீக்கடையில் இருந்தவர்கள், யாரோ மாடு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்து வழி விட்டார்கள்.